உப்பளப் பறவைகளும் ஓவியக் கண்ணும்



சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்றால், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம் வரும். ஊரை நெருங்கும்போதே நிலத்தின் தோற்றம் மாறிவிடுகின்றது. மரங்கள் அருகிப் போகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரப்புகளும், வரப்புகளுக்கிடையே வானத்தைக் காட்டும் நீர்ப் பாத்திகளும், பாத்திகளின் ஓரத்தில் வெண்மையான குவியல்களும் தெரிகின்றன. அவை உப்பளங்கள். பேருந்தில் செல்பவர் ஜன்னல் வழியே ஒரு கணம் பார்த்து, 'வெயிலும் உப்பும் உள்ள இடம். இங்கே உயிர்கள் எப்படி வாழும்?' என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணிக்கொண்டு அவ்வழியே சென்றவன்.

அந்த எண்ணம் தவறு என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு பள்ளி மாணவனின் பென்சில். அக்கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன். வனவிலங்குகளையும் பறவைகளையும் காக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் பேசுகின்றோம். காப்பதற்கு முன் அறிதல் வேண்டும். அறிவதற்கு முன் ஒழுங்காகக் காணுதல் வேண்டும். அவ்வாறு காண்பதற்கு விஞ்ஞானமும் கலையும் ஒன்றுக்கொன்று எங்ஙனம் துணை நிற்கின்றன என்பதை இந்த உப்பளக் கடற்கரையைக் கொண்டே விளக்க முயல்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்பகுதிப் பள்ளி ஒன்றில் மாணவரோடு சில நாட்கள் பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. முதல் நாள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "உங்கள் ஊர்ப் பறவை ஒன்றை வரைந்து காட்டுங்கள்" என்றேன். அரை மணி நேரத்தில் தாள்கள் என் கைக்கு வந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றில் மயில் தோகை விரித்திருந்தது. சிலவற்றில் பச்சைக் கிளி. ஒன்றில் அன்னம். இன்னும் சிலவற்றில் இரண்டு மலைகளுக்கிடையே சூரியன் உதிக்க, வானத்தில் இரண்டிரண்டு வளைகோடுகளாகப் பறவைகள் பறந்துகொண்டிருந்தன. மரக்காணத்தில் மலை ஏது? அம்மாணவர் நாள்தோறும் பள்ளிக்கு வரும் வழியில் நூற்றுக்கணக்கில் நின்று மேயும் உப்பளப் பறவைகளுள் ஒன்றுகூட எந்தத் தாளிலும் இல்லை.

"உப்பளத்தில் பறவைகளே இல்லையா?" என்று கேட்டேன். ஒரு சிறுவன் எழுந்து, "இருக்கு ஐயா, எல்லாம் கொக்குதான்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "சின்ன வயசில வரப்பு மேலே முட்டை பொறுக்கி விளையாடுவோம் ஐயா" என்றும் சொன்னான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தீய எண்ணத்தோடு அதைச் செய்தவனல்லன். பெயர் தெரியாத பறவையின் முட்டை, வழியிற் கிடக்கும் கூழாங்கல்லைப் போன்றதுதானே!

அச்சிறுவனின் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மரக்காணத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் கழுவேலி என்னும் பெரிய ஆழமற்ற நீர்நிலை பரந்து கிடக்கின்றது. மழைக்காலத்தில் சுற்றுப்புறத்து ஏரிகளிலிருந்து வழியும் நன்னீர் அதில் வந்து சேர்கின்றது. மறுபுறம் உப்புக்கழியும் இடையன்திட்டுக் கழிமுகமும் அதனை வங்கக் கடலோடு இணைக்கின்றன. ஆகவே அதன் நீர் ஒரு பருவத்தில் நன்னீராகவும், மற்றொரு பருவத்தில் உவர்நீராகவும் மாறிக்கொண்டேயிருக்கும். ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவதும் இப்பக்கத்திலேதான். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அது உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அதன் பரப்பு 5,151.6 ஹெக்டேர்.

உப்பளமோ மனிதன் அமைத்த நீர்நிலை. அதன் தொழிலைச் சற்றுக் கவனியுங்கள். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. உவர்நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துவர். பின்னர் அதனை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் படிப்படியாக விடுவர். வெயிலிலும் காற்றிலும் நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறும். முதலில் சுண்ணச் சத்து, அதாவது ஜிப்சம், அடியிற் படியும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் நாம் உண்ணும் உப்பு பளிங்குகளாகக் கட்டத் தொடங்கும். அப்பொழுது போமே மானியை நீரில் மிதக்கவிட்டால் அது சுமார் 25 பாகை காட்டும். அதன் பின்னும் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசிய உப்புக்கள் மிகுதி, அதனை வெளியேற்றாவிடில் உப்பு கசக்கும், ஈரமும் கோத்துக்கொள்ளும். கடைசிப் பாத்தியில் தொழிலாளர் வெயிலில் நின்று பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுகின்றனர்.

இங்ஙனம் ஒரே உப்பளத்தில் பல வகை நீர் இருக்கின்றது. கடல்நீரையொத்த முதற் பாத்திகளில் சிறுமீனும் இறாலும் உண்டு. அங்கே நாரையும் கொக்கும் நிற்கும். செறிவு ஏறிய பாத்திகளில் மீன் வாழ முடியாது. ஆனால் அத்தகைய மிகு உவர்நீரைத் தாங்கும் நுண்பாசிகளும், ஆர்ட்டீமியா எனப்படும் சின்னஞ்சிறு உப்புநீர் இறால்களும், உவர்நீர் ஈக்களின் புழுக்களும் உப்பளங்களில் உண்டு. மீனை நம்பாத பறவைகளுக்கு அதுவே விருந்து. நீரின் ஆழமும் பாத்திக்குப் பாத்தி வேறுபடுவதால், நீண்ட கால் படைத்தவை ஆழத்திலும், குட்டைக் காலின ஓரத்துச் சேற்றிலுமாக இடம் பிரித்துக்கொண்டு மேய்கின்றன. எல்லாவற்றையும் 'கொக்கு' என்று சொல்லிவிட்டால் இந்த ஒழுங்கு முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துபோகின்றது.

இனி, அம்மாணவரோடு நான் செய்ததைக் கூறுகின்றேன். பறவைகளைப் பற்றி நான் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலை ஆறு மணிக்கே உப்பளத்தின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, ஏதேனும் ஒரு பறவையைத் தேர்ந்து, கால் மணி நேரம் வேறெதையும் பாராமல் அதனையே வரையச் சொன்னேன். "எனக்கு வரையத் தெரியாது ஐயா" என்று பலர் முறையிட்டனர். "அழகாக வரைய வேண்டாம், உள்ளதை வரையுங்கள், போதும்" என்றேன்.

முட்டை பொறுக்கியதாகச் சொன்ன சிறுவன் நெடுங்கால் உள்ளானைத் தேர்ந்துகொண்டான். கறுப்புச் சிறகும் வெள்ளை உடலும் ஊசி போன்ற நேரான அலகும் கொண்ட அழகிய பறவை அது. உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவு நீண்ட செந்நிறக் கால்கள். அவன் வரைந்த படத்தில் கால் நடுவில் முன்பக்கமாக மடங்கியிருந்தது, நமது முழங்காலைப் போல. "மீண்டும் பார்" என்றேன். பார்த்தான், அழித்தான், வரைந்தான். சற்று நேரத்தில் வியப்போடு, "ஐயா, இதற்கு முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது!" என்று கூவினான்.

இந்த இடத்திலேதான் விஞ்ஞானம் உள்ளே நுழைகின்றது. அவன் முழங்கால் என்று எண்ணியது உண்மையில் கணுக்கால். பறவையின் முழங்கால் உடலோடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கின்றது. நாம் 'கால்' என்று காண்பதன் கீழ்ப்பகுதி, நம் பாதத்து எலும்புகள் ஒன்றாகி நீண்டது போன்ற ஓர் அமைப்பு. பறவை எப்பொழுதும் விரல் நுனியில் நடக்கின்றது. இவ்வுண்மையை நான் பலகையில் எழுதிப் பாடமாகச் சொல்லியிருந்தால், அவன் அதனைப் பரீட்சைக்காகப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பான். தன் கையே தவறு செய்து, தன் கண்ணே அதனைத் திருத்தியபடியால் அவ்விடை அவனுடையதாகிவிட்டது.

ஓவியம் கேள்வியைப் பிறப்பிக்கின்றது; அக்கேள்விக்கு விடை தேடும் வழியை விஞ்ஞானம் தருகின்றது. விடை கிடைத்தபின் மீண்டும் வரைந்தால், அடுத்த படம் முன்னதைவிட உண்மையாக அமைகின்றது. இந்தச் சுழற்சிதான் நான் சொல்ல வந்ததன் சாரம்.

மற்றொரு மாணவி பூநாரையை வரைந்தாள். அது தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்புறம் கீழாக இருக்கும்படி நீரில் அமிழ்த்தி மேய்வதைக் கண்டு, "தலைகீழாகவா சாப்பிடும்?" என்று கேட்டாள். ஆம், அவ்வாறேதான். வளைந்த அலகின் உட்புறத்தில் சீப்பின் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் உள்ளன. தடித்த நாக்கு ஒரு பம்பைப் போல நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளுகின்றது. நீரும் சேறும் வெளியேற, நுண்ணுயிர்கள் மட்டும் உள்ளே தங்கிவிடுகின்றன. நம் கவி மரபிலே அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். அது கற்பனையின் இன்பம். பூநாரை சேற்று நீரிலிருந்து உணவைப் பிரிப்பதோ கண்ணாற் காணும் உண்மை. இரண்டும் வேண்டுவனவே, எது எது என்ற தெளிவு மட்டும் நமக்கு இருத்தல் வேண்டும்.

வண்ணம் தீட்டும்போது அம்மாணவிக்கு இன்னொரு கேள்வி எழுந்தது. சில பூநாரைகள் ஏன் இளஞ்சிவப்பாகவும் சில சாம்பல் நிறமாகவும் இருக்கின்றன? பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் வெண்மையாகவே இருக்கும். உவர்நீரின் பாசிகளிலும், அப்பாசியை உண்ணும் உப்புநீர் இறால்களிலும் கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள்கள் உள்ளன. காரட் கிழங்குக்கு நிறம் தரும் பொருள் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அவற்றை உண்டு வளரும் பறவையின் இறகில் ஆண்டுக்காண்டு சிவப்பு ஏறுகின்றது. ஆகவே சாம்பல் நிறத்தவை இளம் பறவைகள். அவள் தூரிகையில் தொட்ட வண்ணம் அந்தப் பறவையின் வயதையும் உணவையும் நீரின் தன்மையையும் ஒருங்கே சொல்லிவிட்டது.

கலையையும் அறிவையும் இவ்வாறு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று வகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம், விலங்கு, புள், உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் எனத் தொகுத்தனர். ஓர் இடத்தின் உயிர்களையும் மனிதரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காணும் அம்முறை, இன்றைய சூழலியலுக்கு மிக நெருங்கியது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணப் பகுதியே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அப்படியாயின் நாம் பேசும் இக்கடற்கரை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புலவர் கண்ணிற் பட்டுவரும் கடற்கரையாகும்.

மக்கள் வழங்கும் பறவைப் பெயர்களையும் பாருங்கள். உப்பு நிலத்தில் ஓடியோடிக் கொத்தித் தின்பது உப்புக்கொத்தி. மனிதனைக் கண்டதும் கூவிக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. நத்தையைப் பிளந்து உண்பது நத்தைகுத்தி நாரை. அகப்பை போன்ற அலகுடையது கரண்டிவாயன். அலகு மேல்நோக்கி வளைந்தது கோணமூக்கு உள்ளான். நீரிலிருந்து கழுத்தை மட்டும் பாம்புபோல நீட்டுவது பாம்புத்தாரா. ஒவ்வொரு பெயரும் ஒரு சிறு சித்திரம். அதே வேளையில் பிழையற்ற விஞ்ஞானக் குறிப்பு. பெயரிட்டவர் எவரும் கல்லூரிக்குச் சென்றவரல்லர். நன்றாகப் பார்த்தவர்கள்.

அவ்வுப்புக்கொத்தியைப் பற்றி அண்மையில் ஒரு செய்தி வெளிவந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடலோர மணலிலும் உப்பு நிலங்களிலும் கூடு வைக்கும் ஒருவகைச் சிறு உப்புக்கொத்தியை, வேறு நாடுகளிலும் உள்ள கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றே நெடுங்காலம் கருதிவந்தனர். உடலளவு, இறகின் நிறம், மரபணு ஆகியவற்றை ஒப்பிட்ட விஞ்ஞானிகள், அது தனி இனமே என்று 2023இல் முடிவு வெளியிட்டனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் அனுமான் உப்புக்கொத்தி. இராமசேதுவின் இருபுறமும் வாழும் பறவையாதலின், சேதுவோடு தொடர்புடைய அனுமானின் பெயரை வைத்தனர். மரபணுவை ஆராய்ந்தவர்களும் இறுதியில் ஒரு கதையைத் துணைக்கு அழைத்தார்கள். பெயர் மக்கள் நெஞ்சில் தங்க வேண்டுமாயின் அதுவே வழி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்!

ஓவியம் பறவைகளின் உயிரையே காத்த வரலாறும் உண்டு. முற்காலத்தில் ஒரு பறவை இன்ன இனம் என்று உறுதிசெய்ய வேண்டுமாயின், அதைச் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்துப் பார்ப்பதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. புகழ்பெற்ற பறவை ஓவியரான ஆடுபான் போன்றோரும் சுட்ட பறவைகளை வைத்தே வரைந்தனர். 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஓவியப் பயிற்சி பெற்ற ராஜர் டோரி பீட்டர்சன் என்னும் இளைஞர் ஒரு கையேட்டை வெளியிட்டார். தொலைவிலிருந்தே தெரியக்கூடிய அடையாளங்களை மட்டும் எளிய படமாக வரைந்து, எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டுமோ அதனைச் சிறு கோட்டினாற் சுட்டிக்காட்டினார். முதற்பதிப்பின் 2,000 பிரதிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. தொலைநோக்கியும் அந்நூலும் கையில் இருந்தால் துப்பாக்கிக்கு வேலையில்லை என்ற நிலை பரவலாயிற்று.

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சிகள் உண்டு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். 1941இல் சலீம் அலி, வண்ணப் படங்களோடு கூடிய இந்தியப் பறவைகள் பற்றிய நூலை வெளியிட்டு, பறவை பார்த்தலைச் சாதாரண மக்களுக்கும் உரியதாக்கினார். 1949இல் வெளிவந்த அவருடைய மலைநாட்டுப் பறவைகள் நூலுக்குப் படம் வரைந்தவர் ஜி. எம். ஹென்றி. இலங்கையில் பிறந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, பூச்சிகளையும் பறவைகளையும் வரைந்தும் ஆராய்ந்தும் வந்தவர் அவர். 1955இல் இலங்கைப் பறவைகளைப் பற்றித் தாமே எழுதித் தாமே படம் வரைந்து ஒரு நூல் தந்தார். விஞ்ஞானியும் ஓவியரும் ஒரே மனிதருள் குடியிருந்ததற்கு அவர் நல்ல சான்று.

தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டிய மற்றொருவர் மா. கிருஷ்ணன் அவர்கள். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். தாவரவியல் பயின்ற அவர் எழுத்தாளர், ஓவியர், புகைப்படக் கலைஞர் என மூன்று துறைகளிலும் தேர்ந்திருந்தார். 1950 முதல் இறுதி வரை, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். வீட்டு முற்றத்து அணிலும் வயலோரத்துப் பறவையும் அவருக்குப் புலியைப் போலவே எழுதத் தகுந்த பொருள்களாயிருந்தன. நம் நாட்டு இளைஞர் நம் நாட்டு மரத்தையும் பறவையையும் அறியாதிருத்தல் பெருங்குறை என்று அவர் கவலைப்பட்டார். அன்று அந்த வகுப்பில் மயிலும் கிளியும் நிறைந்த தாள்களைக் கையில் வைத்திருந்தபோது எனக்கும் அக்கவலை விளங்கிற்று.

மீண்டும் உப்பளத்துக்கு வருவோம். கோடையில், உப்பு நன்றாகக் கட்டும் நாட்களில், நம் சிறுவன் வரப்பில் நடந்துகொண்டிருந்தான். பலகையோடு நின்ற ஓர் அம்மையார் அவனைத் தடுத்து, "தம்பி, அந்தப் பக்கம் கால் வைக்காதே, முட்டை இருக்கு" என்றார். "எங்கே அக்கா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான் அவன். அவர் சுட்டிக்காட்டிய பின்பே தெரிந்தது: சிறு பள்ளத்தில் உடைந்த கிளிஞ்சல்களுக்கிடையே, மண்ணின் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு நெடுங்கால் உள்ளானின் முட்டைகள். அவரும் உடன் வேலை செய்வோரும் அவ்விடத்தை விட்டு விலகி, அடுத்த வரப்பு வழியாகச் சில நாட்களாகவே உப்புச் சுமந்து கொண்டிருந்தார்கள். வெயிலில் கால் புண்ணாகும் வேலையில் சில அடி கூடுதலாக நடப்பதும் எளிதன்று. யாரும் அவர்களுக்குச் சட்டம் சொல்லவில்லை.

நாங்கள் தொலைவில் போய் அமர்ந்து, கூட்டை வரையத் தொடங்கினோம். அருகில் சென்றால் தாய்ப் பறவை எழுந்துவிடும். நடுப்பகல் வெயிலில் முட்டை சில நிமிடங்களே திறந்து கிடந்தாலும் உள்ளிருக்கும் கரு வெந்துவிடக்கூடும். நம் அடிச்சுவட்டையும் நடமாட்டத்தையும் பார்த்துக் காகமும் நாயும் கூட்டைக் கண்டுபிடிக்கும். ஆதலின் கூட்டை வரைபவனுக்கும் படம் பிடிப்பவனுக்கும் முதல் விதி, தொலைவில் நிற்பது. படம் நன்றாக அமையாவிட்டாலும் நட்டமில்லை.

அன்று சிறுவன் தன் தாளில் விசித்திரமான ஒன்றைக் குறித்தான். தாய்ப் பறவை பாத்திக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் அதன் வயிற்றிறகு நனைந்து, துளிகள் சொட்டுவதாக வரைந்திருந்தான். "குளித்துவிட்டு வருகிறதா ஐயா?" என்று கேட்டான். எத்துணை நல்ல கேள்வி! வெப்ப நாட்டில் தரையிற் கூடு வைக்கும் பறவைகள் சில, வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டையின் மேல் அமர்கின்றன. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனாலேதான். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞர் 1957இல் இந்தியாவில் குடியேறினார். அவருடைய துணைவியார் ஹெலன் ஸ்பர்வேயும், உடன் பணியாற்றிய சுரேஷ் ஜெயகரும், 1960களில் ஆள்காட்டிப் பறவையின் கூட்டருகே பொறுமையோடு காத்திருந்து இத்தகைய நடத்தைகளை ஆராய்ந்தனர். அவர்களுக்குப் பெருங்கருவிகள் தேவைப்படவில்லை. நம் சிறுவனிடமும் இருந்தது ஒரு பென்சில்தான்.

சரணாலயமாக அறிவித்தாயிற்றே, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். அரசாணை வரைபடத்தில் ஒரு கோடு இடுகின்றது. அது மிக அவசியமே. ஆயினும் பறவை அக்கோட்டை அறியாது. ஏரியில் உறங்கும், உப்பளத்தில் மேயும், வரப்பில் முட்டையிடும். வடதுருவத்தை அடுத்த நிலங்களில் பிறந்த கொசு உள்ளான், முப்பது கிராமுக்கும் குறைந்த எடையோடு பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து இத்தகைய கடற்கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. ஒரு பாத்தி தூர்ந்தாலும், ஒரு கழி அடைபட்டாலும் அதற்கு உணவு குறைகின்றது. கோட்டுக்கு வெளியேயும் அதனைக் காக்கக்கூடியவர்கள் அங்கு வாழும் மக்களே. மரக்காணத்துக்கு வடமேற்கே உள்ள வேடந்தாங்கலில் அதுதான் நடந்தது. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எருவாவதை அறிந்த உழவர்கள், சட்டங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே பறவைகளைச் சுடவிடாமல் காத்தார்கள். அறிவும் அன்பும் அங்கே ஒன்றுபட்டிருந்தன.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் ஏரிக்கோ வயலுக்கோ கடற்கரைக்கோ ஒரு சிறு குறிப்பேட்டோடு செல்லுங்கள். தாளின் தலைப்பில் நாள், நேரம், காற்று, நீரின் ஆழம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு பறவையை ஐந்து நிமிடமாவது வரையுங்கள். அலகின் வளைவு, காலின் நிறம், உடலின் நிலை இவற்றைப் படத்தின் அருகிலேயே குறியுங்கள். எத்தனை பறவைகள் என்று எண்ணுங்கள். எண்ண முடியாவிடில் ஏறத்தாழ என்று எழுதுங்கள். காணாததைக் கண்டதாக ஒருபோதும் எழுதாதீர்கள். அங்கே வேலை செய்வோரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். பன்னிரண்டு மாதம் இவ்வாறு செய்தால், எப்பறவை எப்பொழுது வந்தது, எப்பொழுது சென்றது என்பதற்கு உங்கள் குறிப்பேடு சான்றாக நிற்கும். அப்படங்களைப் பள்ளிச் சுவரிலும், ஊர்த் திருவிழாவிலும், பேருந்து நிலையத்திலும் வையுங்கள். பட்டியலைப் படிக்க நில்லாதவர்கள் படத்தைப் பார்க்க நிற்பார்கள். நின்றவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

நான் விடைபெறும் நாளில் அம்மாணவர்களுக்கு மீண்டும் ஒரு தாள் கொடுத்து, அதே வேண்டுகோளை விடுத்தேன். இம்முறை மலையும் இல்லை, மயிலும் இல்லை. பூநாரையும் ஆலாவும் உப்புக்கொத்தியும் தத்தம் பாத்திகளில் நின்றன. நம் சிறுவனின் தாளில் பறவையே இல்லை. ஒரு வரப்பை வரைந்திருந்தான். அதன் நடுவே கிளிஞ்சல்களுக்கிடையில் நான்கு முட்டைகள். அவ்விடத்தைச் சுற்றிச் சென்று அடுத்த வரப்பில் ஏறும் காலடித் தடங்கள். "பறவை எங்கேயப்பா?" என்று கேட்டேன்.

"வயிற்றை நனைக்கப் போயிருக்கிறது ஐயா, இப்பொழுது வந்துவிடும்" என்றான்.